கைரேடியோ ஸ்கேனருக்கு ஜிபிஎஸ்: சேர்வராயன் மலையில் வட்டத்தை எங்கே போடுவது?

கையில் பிடிக்கும் ரேடியோ ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் ஒரு கேள்விக்கு வந்து சேர்வார்கள். இதோடு ஒரு ஜிபிஎஸ் மாட்யூலைச் சேர்த்தால் என்ன கிடைக்கும்? சேலத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வி சீக்கிரமே வரும். ஐந்து ரோட்டில் கேட்கும் சேனல்கள் வேறு, சேர்வராயன் மலைமேல் ஏற்காடு ஒண்டிக்கடையில் கேட்கும் சேனல்கள் வேறு. நேர்கோட்டில் அளந்தால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். இந்த உயரம்தான் பின்னால் நமக்கு நிறைய வேலை வைக்கப்போகிறது.

முதல்முறை இதைத் தொடுபவர்களுக்காக எழுதுகிறேன். சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் விஷயம் புரியும்.

ஸ்கேனர் ஒரு ரிசீவர். கேட்க மட்டும் செய்யும், பேசாது. நாம் பதிந்து வைத்த சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக எட்டிப் பார்க்கும். எங்கே சிக்னல் இருக்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் அடுத்ததுக்கு நகரும். நொடிக்குப் பல பத்து சேனல்களைப் பார்த்துவிடும் என்பதால் பட்டியல் சின்னதாக இருக்கும்வரை தொந்தரவே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், ஈரோடு என்று ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டே போகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். ஒரு சுற்று முடிய நேரம் ஆகும், அதற்குள் யாரோ பேச ஆரம்பித்திருப்பார், முதல் சில சொற்கள் தவறிப்போகும். இன்னொன்றும் உண்டு. தூரத்து ஊர்கள் இரண்டுக்கு ஒரே அலைவரிசை இருப்பது சகஜம். நீங்கள் அதை இரண்டு பெயரில் பதிந்திருந்தால், எந்தப் பெயர் முதலில் வருகிறதோ அதைத்தான் திரை காட்டும். ஓமலூரில் நின்றுகொண்டு எங்கோ இருக்கும் ரிப்பீட்டரின் (சிக்னலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சேனல்களைத் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரித்து, ஊருக்கு ஊர் கையால் ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம். வண்டி ஓட்டும்போது அது நடக்காது, நடக்கவும் கூடாது. அந்த வேலையைத்தான் ஜிபிஎஸ் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மாட்யூல் சொல்லும். ஒவ்வொரு பட்டியலுக்கும் நாம் ஒரு வட்டம் குறித்துக் கொடுத்திருப்போம். அந்த வட்டத்துக்குள் வந்ததும் அதற்குரிய பட்டியலை ஸ்கேனர் தானே திறக்கும், மற்றதை மூடும். அவ்வளவுதான் இதன் பயன். சிக்னல் இதனால் பலமாகாது, தூரம் கூடாது, ஆன்டெனா மோசமாக இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது பணத்தையும் ஏமாற்றத்தையும் மிச்சப்படுத்தும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம் என்றது 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். அந்தக் காலத்துச் சட்டங்களின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. பொழுதுபோக்காக ரேடியோவைத் தொடுபவர்களுக்கு நேர்வழி ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமம். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் திட்டமிடலையும் ஒருங்கிணைப்பையும் பார்க்கும் டபிள்யூபிசி பிரிவு இதைக் கவனிக்கிறது. உங்கள் உரிமத்துக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதை ஸ்கேனர் வாங்கும் முன்பே அங்கே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். போலீஸ், ரயில்வே, தீயணைப்பு போன்றவர்களின் பேச்சு நமக்கானது இல்லை. அதைத் தேடிப் போகக்கூடாது. தற்செயலாகக் காதில் விழுந்தாலும் வெளியே சொல்லக்கூடாது. இந்தக் கட்டுரையில் வரும் உதாரணங்கள் எல்லாம் ஹாம் ரிப்பீட்டர்களும் வானொலி ஒலிபரப்பும்தான். அவற்றிலேயே கேட்பதற்கு நிறைய இருக்கிறது.

ஜிபிஎஸ் மாட்யூல் என்ன செய்கிறது?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது" என்பதை 1575.42 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சிக்னல் நம்மை வந்தடைய ஒரு நொடியில் நூறில் ஏழு பங்கு போல ஆகிறது. வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று தூரங்கள் இருந்தால் நாம் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் நம் மாட்யூலில் இருப்பது மலிவான கடிகாரம். அது ஒரு மைக்ரோநொடி பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறிவிடும். அந்தப் பிசகையும் கணக்கில் கண்டுபிடிக்க நாலாவது செயற்கைக்கோள் தேவை. அதனால்தான் குறைந்தது நான்கு தெரிய வேண்டும் என்கிறார்கள்.

மாட்யூல் இந்தச் சிக்னல்களை வாங்கிக் கணக்குப் போடுகிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே ஜிபிஎஸ் மாட்டினால் நாம் போகும் இடம் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். செல்போனில் இடம் வெளியே போவது அதிலிருக்கும் இன்டர்நெட் வழியாக. நம் ஸ்கேனரில் அந்த வழியே கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது யூப்ளாக்ஸ் நிறுவனத்தின் நியோ-6எம் சிப் வைத்த சின்னப் பலகை. தீப்பெட்டியைவிடச் சிறியது. கூடவே சதுரமான பீங்கான் ஆன்டெனா ஒன்று வரும். அதைவிடப் புதிய நியோ-எம்8என் போன்றவை இன்னும் வேகமாக இடம் பிடிக்கும், ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பார்க்கும். இருந்தாலும் ஸ்கேனருக்கு நான் பழைய நியோ-6எம்மைத்தான் சொல்வேன். காரணம் கொஞ்சம் விசித்திரமானது, அதற்குக் கீழே வருகிறேன்.

மாட்யூல் பேசும் வரிகள்

நொடிக்கு ஒருமுறை மாட்யூல் சில வரிகளை எழுத்துகளாகத் தன் டிஎக்ஸ் (அனுப்பும்) ஒயரில் அனுப்பும். இந்த வரிகளின் அமைப்புக்கு என்எம்இஏ 0183 என்று பெயர். கப்பல் கருவிகள் ஒன்றோடொன்று பேச அமெரிக்காவின் கடல்சார் மின்னணுச் சங்கம் வகுத்த முறை அது. கரையில் இருக்கும் நாமும் அதையே பயன்படுத்துகிறோம். ஸ்கேனருக்கு முக்கியமானது ஜிபிஆர்எம்சி என்று தொடங்கும் வரி. அதில் முதலில் நேரம் வரும், அப்புறம் ஒற்றை எழுத்தில் நிலை, அதன் பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, தேதி.

ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் சேலத்தில் நண்பகல் 12 மணிக்கு அந்த வரியின் முன்பகுதி இப்படி இருக்கும்:

ஜிபிஆர்எம்சி, 063000.00, ஏ, 1139.0000, என், 07809.6000, ஈ

நேரம் காலை 6:30 என்று காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் 'ஏ' எழுத்து, இடம் பிடிபட்டுவிட்டது என்பதற்கான அடையாளம். இன்னும் பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தில் 'வி' வரும். ஸ்கேனர் இந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துத்தான் மாட்யூலை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

இனி அந்த 1139.0000. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பார்த்தவுடன் 11.39 டிகிரி என்று எழுதத் தோன்றும். அப்படிப் படிக்கக்கூடாது. முதல் இரண்டு இலக்கங்கள் டிகிரி, மீதி நிமிடம். 11 டிகிரி, 39 நிமிடம். 39ஐ 60ஆல் வகுத்தால் 0.65. ஆக 11.65 டிகிரி, அதுதான் சேலம். தீர்க்கரேகையில் முதல் மூன்று இலக்கங்கள் டிகிரி. 078 டிகிரி, 09.6 நிமிடம். வகுத்தால் 78.16. 'என்' என்றால் வடக்கு, 'ஈ' என்றால் கிழக்கு. இதைக் கவனிக்காமல் 11.39 என்று ஸ்கேனரில் பதிந்துவிட்டால் உங்கள் சேலம் வட்டம் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர் தெற்கே, ராசிபுரத்தையும் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சரியாக மாட்டியிருந்தும் ஸ்கேனர் ஊமையாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இப்போது பழைய சிப் விஷயம். நியோ-6எம் ஜிபிஎஸ்ஸை மட்டும் பார்ப்பதால் தன் வரிகளை 'ஜிபி' என்று தொடங்குகிறது. பல நாட்டுச் செயற்கைக்கோள்களைக் கலந்து பார்க்கும் புதிய சிப்புகள் 'ஜிஎன்' என்று தொடங்கும். பழைய கருவிகள் சிலவற்றுக்கு 'ஜிபி' மட்டும்தான் தெரியும், 'ஜிஎன்' வரிகளைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. யூப்ளாக்ஸின் யூ-சென்டர் மென்பொருளில் இதை மாற்றலாம் என்றாலும், முதல் முயற்சியிலேயே அந்தத் தலைவலி எதற்கு?

ஒயர் இணைப்பு

பலகையில் நான்கு முனைகள் இருக்கும்: விசிசி, கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் (வாங்கும் முனை). மின்சாரத்துக்கு இரண்டு. பேச்சுக்கு நமக்கு டிஎக்ஸ் மட்டும் போதும், ஏனென்றால் மாட்யூல் சொல்வதை ஸ்கேனர் கேட்டால் சரி. மாட்யூலின் டிஎக்ஸ், ஸ்கேனரின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். டிஎக்ஸோடு டிஎக்ஸைச் சேர்த்தால் இரண்டும் பேசும், கேட்பதற்கு ஆள் இருக்காது. இரண்டு கருவிகளின் கிரவுண்டும் கட்டாயம் ஒன்று சேர வேண்டும்.

ஒயரைச் சொருகும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கேனரின் போர்ட் எந்த வோல்ட்டேஜில் பேசுகிறது? மாட்யூல் 3.3 வோல்ட்டில் பேசும். பழைய ஆர்எஸ்-232 வகைப் போர்ட்டில் வோல்ட்டேஜ் பிளஸ்ஸிலும் மைனஸிலும் அதைவிடப் பல மடங்கு ஊசலாடும். அதோடு மாட்யூலை நேராக இணைத்தால் சிப் போய்விடும். நடுவில் மேக்ஸ்3232 சிப் வைத்த சின்னக் கன்வெர்ட்டர் ஒன்று போட வேண்டும். எந்த முனையில் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் பார்க்காமல் ஊகித்து இணைக்க வேண்டாம். ஜிபிஎஸ் வசதி இல்லாத ஸ்கேனரில் எந்த ஒயரைச் சொருகினாலும் பயன் இல்லை. யூனிடனின் பிசிடி325பி2, பிசிடி436எச்பி, எஸ்டிஎஸ்100 போன்றவை இடத்தைப் பார்த்துப் பட்டியல் மாற்றும் வசதி உள்ளவை. அந்த நிறுவனமே தன் ஸ்கேனர்களுக்கென்று ஜிபிஎஸ் ரிசீவர் விற்கிறது. சாலிடரிங்கில் கை பழகாதவர்களுக்கு அது நல்ல வழி.

வேகமும் ஒத்துப்போக வேண்டும். நியோ-6எம் கடையிலிருந்து வரும்போது 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசும். கப்பல் முறையின் அசல் வேகம் 4800. ஸ்கேனர் மெனுவில் ஜிபிஎஸ் வேகம் என்ற அமைப்பு இருக்கும், இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

மின்சாரத்துக்குப் பலரும் எடுப்பது பவர் பேங்க். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த மாட்யூல் குடிப்பது ஏறக்குறைய 45 மில்லிஆம்பியர்தான். பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்தால் "போன் சார்ஜ் ஆகிவிட்டது" என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். கொஞ்ச நேரம் வேலை செய்கிறது, அப்புறம் செத்துப்போகிறது என்றால் மாட்யூலைக் குறை சொல்ல வேண்டாம். குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி முறை உள்ள பவர் பேங்க் எடுக்கலாம். அல்லது ரெகுலேட்டர் உள்ள பலகைக்கு, பாதுகாப்புச் சுற்றோடு கூடிய ஒற்றை லித்தியம் பேட்டரி போதும்.

ஸ்கேனரில் சொருகும் முன் கணினியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மாட்யூலைக் கணினியின் யூஎஸ்பியில் சேர்க்க உதவும் யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்யூலோடு இணைத்து, வீட்டு மொட்டைமாடியில் வைத்து, வரிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். முதலில் 'வி' வரும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை அனுப்பி முடிக்க 30 நொடி எடுக்கும் என்பதால், திறந்த வெளியில்கூட அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் இன்னும் இழுக்கும், சில நேரம் வரவே வராது. 'ஏ' வந்ததும் பெரும்பாலான பலகைகளில் ஒரு சின்ன விளக்கு நொடிக்கு ஒருமுறை மின்னத் தொடங்கும். அந்த மின்னலைப் பார்த்த பிறகு ஸ்கேனர் பக்கம் போனால், ஏதாவது தவறினாலும் தவறு ஒயரிலா மெனுவிலா என்று உடனே பிரித்துவிடலாம்.

ஆன்டெனாவை வைக்கும் இடம் பற்றி இரண்டு வார்த்தை. பீங்கான் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கேனரின் முதுகில் ஒட்டி வைப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் நல்லதில்லை. ஜிபிஎஸ் சிக்னல் நம்மிடம் வரும்போது இரைச்சலைவிடவும் பலவீனமாக இருக்கும், பக்கத்துக் கருவியின் சலசலப்பு அதைக் கெடுக்கும். மாட்யூலின் சிப் எழுப்பும் சலசலப்பு ஸ்கேனரின் காதிலும் விழும். அரை மீட்டர் ஒயர் விட்டு, காரில் டேஷ்போர்டின் மேல், பைக்கில் டேங்க் பையின் மேல்மூடியில் வைத்தால் போதும். இன்னொரு ஹாம் கைரேடியோவில் நீங்கள் பேசவும் செய்கிறீர்கள் என்றால் அதையும் தள்ளியே வையுங்கள்.

மலைப்பாதையில் ஏறும்போது ஒருபக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் மட்டுமே வானம். தெரியும் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் குவியும்போது இடக் கணக்கு தள்ளாடும், பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலும் குழப்பும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழேயும், கிளியூர் அருவிக்கு இறங்கும் பள்ளத்திலும் இதே கதைதான். கவலைப்பட வேண்டாம். ஸ்கேனருக்கு மீட்டர் துல்லியம் தேவையே இல்லை. ஐம்பது, நூறு மீட்டர் பிசகினாலும் பட்டியல் தேர்வில் ஒன்றும் மாறாது, வட்டத்தின் ஓரத்தில் நின்றாலொழிய.

வட்டமும் மலையும்

ஒவ்வொரு பட்டியலுக்கும் ஸ்கேனர் மூன்று எண்கள் கேட்கும்: மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அப்புறம் ஆரம். நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருந்தால் பட்டியல் திறக்கும், வெளியே போனால் மூடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த எண்கள் எல்லாம் நிரப்பிய தரவுத்தளம் பல ஸ்கேனர்களோடு வருகிறது. அஞ்சல் குறியீட்டைப் போட்டாலே கேட்க ஆரம்பித்துவிடலாம். நமக்கு அப்படி எதுவும் இல்லை, நாமே போட வேண்டும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. நம் மலையை நம்மைவிட நன்றாக எந்தத் தரவுத்தளமும் அறியப்போவதில்லை.

எல்லோரும் முதலில் செய்வது ரிப்பீட்டரின் கோபுரம் இருக்கும் இடத்தை மையமாகப் போட்டு, "இது 40 கிலோமீட்டர் எட்டும்" என்று ஆரம் கொடுப்பது. தஞ்சாவூர் போன்ற சமவெளியில் அது சரியாக வரும். சேர்வராயன் மலையில் வராது. ஏன் என்று பார்க்கலாம்.

இந்த அலைவரிசைகள் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் நேர்கோட்டில்தான் போகும். நாம் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், ரேடியோவுக்கான தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று வந்துவிடும். சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் ஸ்கேனரை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் 5 கிலோமீட்டர். ஏற்காட்டின் விளிம்பில், லேடிஸ் சீட்டில் போய் நில்லுங்கள். சேலத்துச் சமவெளியைவிட ஏறக்குறைய 1,240 மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொண்டால், வர்க்கமூலம் சுமார் 35, தொடுவானம் 145 கிலோமீட்டர். எதிர்முனையும் மலைமேல் இருந்தால் அதன் தொடுவானத்தையும் கூட்டிக்கொள்ளலாம். கொடைக்கானல் வானொலியின் 100.5 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம், ஏற்காட்டிலிருந்து நேர்கோட்டில் 190 கிலோமீட்டர் போல இருக்கிறது. இடையில் வேறு மலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால், இந்தக் கணக்குப்படி அது எட்டும் தூரம்தான்.

அதே ஏற்காட்டில் நாகலூர் போலப் பீடபூமிக்குள் இருக்கும் ஊர் ஒன்றின் பள்ளத்துக்குப் போங்கள். சேலம் இன்னும் 20, 25 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் நடுவே மலை நிற்கிறது. சேலத்துச் சமவெளியில் இருக்கும் தாழ்வான கோபுரம் அங்கே கேட்காமலேயே போகலாம். 190 கிலோமீட்டர் எட்டுகிறது, 25 எட்டவில்லை. தூரத்தை மட்டும் பார்த்துக் கோபுரத்தைச் சுற்றிப் போடும் வட்டத்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

மாட்யூல் உயரத்தையும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஜிபிஜிஜிஏ என்ற இன்னொரு வரியில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று நொடிக்கு நொடி வருகிறது. ஆனால் ஸ்கேனரின் வட்டக் கணக்கில் உயரத்துக்கு இடமே இல்லை. மலைக்காரர்களுக்கு எந்த எண் மிக முக்கியமோ அதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அதனால் உயரத்தை நாம்தான் வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

வழி எளியது: வட்டத்தைக் கோபுரத்தைச் சுற்றிப் போடாதீர்கள், நீங்கள் கேட்கும் இடத்தைச் சுற்றிப் போடுங்கள். ஸ்கேனருக்கு அந்த மையத்தில் கோபுரம் இருக்கிறதா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. "இந்த வட்டத்துக்குள் வந்தால் இந்தப் பட்டியலைத் திற" என்பதுதான் அதற்குப் புரியும். கொடைக்கானல் எஃப்எம் வேண்டுமா? அதன் மையமாகக் கொடைக்கானலைப் போட்டு 200 கிலோமீட்டர் ஆரம் கொடுத்தால், மலை மறைக்கும் எத்தனையோ ஊர்களிலும் ஸ்கேனர் அதை வீணாகத் தேடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் லேடிஸ் சீட்டை மையமாக வைத்து 2 கிலோமீட்டர் ஆரம் கொடுங்கள். உங்கள் மாடல் எஃப்எம் ஒலிபரப்பையும் பிடிக்கும் என்றால், மேட்டில் நிற்கும்போது மட்டும் திறக்கும்.

இப்படி யோசித்தால் நமக்கு நான்கு பட்டியல்கள் தேவைப்படும். சேலம் நகரத்துக்கு ஒன்று. 11.65, 78.16ஐ மையமாக வைத்து மலை அடிவாரம் வரை எட்டினால் போதும். மலையின் விளிம்புகளுக்கு ஒன்று, சமவெளி முழுவதையும் பார்க்கும் இடங்கள் அவை. தர்மபுரி, ஈரோடு, நாமக்கல் பக்கத்துச் சேனல்களையெல்லாம் தாராளமாக இதில் போடலாம். பீடபூமியின் உட்பகுதிக்கு ஒன்று, அதில் மலைமேலேயே இருக்கும் சேனல்கள் சில மட்டும். நான்காவது மலைப்பாதைக்கு. ஒரே சேனல் இரண்டு மூன்று பட்டியல்களில் இருப்பதில் தப்பில்லை. மையத்தின் எண்களுக்கு வரைபடத்தைத் தேட வேண்டாம். அந்த இடத்திலேயே நின்று உங்கள் மாட்யூல் காட்டுவதை எழுதிக்கொள்ளுங்கள். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் போதும், அட்சரேகையில் மூன்றாவது இலக்கம் என்பது 110 மீட்டர்தான்.

ஆரத்தில் ஒரு கவனம் வேண்டும். இந்த ஸ்கேனர்கள் பல மைலில் கணக்குப் போடுபவை. நகரத்துக்கு 10 கிலோமீட்டர் என்று நினைத்து 10 என்று பதிந்தால் அது 16 கிலோமீட்டர் ஆகி, ஏற்காட்டையே விழுங்கிவிடும். 10 கிலோமீட்டர் வேண்டுமென்றால் 6 மைல் போடுங்கள். வட்டங்களின் ஆரம் போக, ஸ்கேனருக்கென்று ஒரு தனி ரேஞ்ச் அமைப்பும் இருக்கும். அதில் எவ்வளவு வைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் எல்லா வட்டங்களும் பெருத்ததுபோல ஆகிவிடும். சின்ன வட்டங்களை வைத்து வேலை செய்யும் நாம் அதைப் பூஜ்யத்தில் வைப்பதே நல்லது.

அடுத்தது வட்டத்தின் ஓரம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். வட்டத்தின் ஓரம் அந்த வளைவுகளின் நடுவே விழுந்தால், சாலை உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் பட்டியல் திறந்து மூடும், பாறையோரத்தில் ஜிபிஎஸ் தள்ளாடுவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். கேட்டுக்கொண்டிருந்த பேச்சு பாதியில் அறுபடும். அதனால் வட்டத்தின் ஓரத்தை வளைவுகளுக்குள் விடாதீர்கள். நகர வட்டம் முதல் வளைவுக்கு முன்பே முடியட்டும், மலைவிளிம்புக்கான வட்டம் கடைசி வளைவு தாண்டித் தொடங்கட்டும். நடுவிலிருக்கும் மலைப்பாதைக்கான வட்டம் இரண்டையும் கொஞ்சம் தொட்டுக்கொண்டு இருந்தால் இடைவெளி விழாது. பாதையில் திறந்த வளைவு ஒன்றில் சமவெளி முழுக்கக் கேட்கும், அடுத்த வளைவில் ஒன்றுமே கேட்காது. அதை வட்டத்தால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், சேனல்கள் திறந்தே இருக்கட்டும்.

இதையெல்லாம் சரிபார்க்க ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒருமுறை ஏறி இறங்குவதே போதும். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் பலகை இருக்கிறது. எந்தச் சேனல் எந்த வளைவில் வந்தது, எந்த வளைவில் போனது என்று எண்ணைப் போட்டு எழுதிக்கொண்டே போகலாம். இறங்கும்போது குப்பனூர் வழியைப் பிடியுங்கள். அந்தப் பாதை மலையின் வேறொரு பக்கத்தில் இறங்குவதால், முதல் பாதைக்குப் போட்ட வட்டம் அங்கே ஒத்துவராது. சில மாடல்களில் வட்டத்துக்குப் பதிலாகச் செவ்வகமும் போட முடியும். பாதையின் நீளத்துக்கு ஒல்லியாக இரண்டு மூன்று செவ்வகங்களை அடுக்கினால், பக்கத்துப் பள்ளத்தைத் தொடாமல் குப்பனூர் வரை கொண்டுவந்துவிடலாம்.